நிலவிழியின் அம்மா

ஜூன் 12, திங்கள்

இந்த டைரி பெயிண்ட் கம்பெனிக்காரர்கள் எங்கள் கடைக்குக் கொடுத்தது. ஆறு மாதமாக ஃபிரிட்ஜ் மேல் சும்மா கிடந்தது. இன்று எடுத்ததற்குக் காரணம் ஆதீரன். அவனைப் பற்றி நான் நினைப்பதையெல்லாம் கமெண்ட்டில் போட்டால் பாதிப்பேர் என்னை அடிக்க வருவார்கள். போடாவிட்டால் எனக்கு மண்டை வெடித்துவிடும்.

'அனல்மேல் ஓர் ஊஞ்சல்' என்று ஒரு தொடர்கதை. போனில்தான் படிக்கிறேன். திங்களும் வியாழனும் சாயங்காலம் ஒரு எபி வரும். எபிசோடை அங்கே எல்லோரும் அப்படித்தான் சொல்கிறார்கள். ஆதீரன் பெரிய பணக்காரன், மூக்குக்கு மேல் கோபம். நிலவிழி அவன் பெண்டாட்டி, வாயே திறக்க மாட்டாள். இன்றைய எபியில் அவளை அறைந்துவிட்டான். அறைந்த கையாலேயே கண்ணாடியைக் குத்தி உடைத்துக்கொண்டு அழுதான். கீழே முன்னூறு கமெண்ட். 'ஐயோ ஆதி மாமா கையில் ரத்தம்' என்று ஒரு கூட்டம், 'ஜெயிலில் போடு' என்று ஒரு கூட்டம். நிலவிழியின் கன்னத்தைப் பற்றி யாரும் பேசவில்லை.

நான் எழுதியது: 'ஆதீரன் கெட்டவன் இல்லை. தாயில்லாமல் வளர்ந்த பிள்ளை. அறைந்ததை மட்டும் பார்க்காதீர்கள், பிறகு அழுகிறானே, அதையும் பாருங்கள். நிலா கொஞ்சம் பொறுத்தால் அவன் மாறிவிடுவான்.'

எண்பது பேர் இதயம் போட்டிருக்கிறார்கள். ரைட்டர் மேடமே 'அருமை வசந்தாம்மா' என்று சொல்லியிருக்கிறார். தாரணி கல்யாணத்துக்கு முன்னால் எனக்கு இந்தக் கணக்கைத் திறந்து, எங்கள் ஊரையும் சேர்த்து 'கோபி வசந்தாமணி' என்று பேரும் வைத்துக் கொடுத்தாள். "டிவியப் பாத்துத் திட்றதுக்கு இங்க வந்து திட்டும்மா, பதில் சொல்லவாச்சும் ஆள் இருக்கும்" என்றாள். என் பெண் சொன்னால் சரியாகத்தான் இருக்கும்.

ஜூன் 15, வியாழன்

புதிதாக ஒருத்தி முளைத்திருக்கிறாள். பெயர் தொட்டிச்செடி. இதெல்லாம் ஒரு பேரா. என் கமெண்ட்டுக்குக் கீழே வந்து, 'அடிச்சதுக்கப்புறம் அழுதா அது அன்பாங்க அக்கா?' என்று கேட்டிருக்கிறாள்.

'அன்பு இல்லாதவன் ஏன் அழப்போகிறான்?' என்று போட்டேன்.

'மாட்டிக்குவோம்னு பயந்தும் அழலாமுங்க' என்றாள்.

வாய்! கல்யாணம் ஆகாத காலேஜ் பெண்ணாகத்தான் இருக்கும். குடும்பம் என்றால் என்னவென்று தெரியாமல் வந்துவிடுகிறார்கள்.

ஜூன் 20, செவ்வாய்

மாவு புளித்துவிட்டது. எபி இல்லை.

ஜூன் 27, செவ்வாய்

தாரணி பேசினாள். கோயமுத்தூரில் மழையாம். வேலையை விட்டுவிட்டாளாம். மாப்பிள்ளை வேண்டாம் என்று சொல்லிவிட்டாராம். நந்தகுமார் மாதிரி மரியாதையான மாப்பிள்ளையை இந்த ஊரிலேயே நான் பார்த்ததில்லை. வந்தால் செருப்பைக்கூட ஓரமாக, ஜோடியாகக் கழற்றி வைப்பார். ஓய்வாக இருக்கட்டும், நல்லதுதான் என்றேன். ரொம்ப நேரம் சத்தமே இல்லை. போனை மறந்துபோய் இடது காதில் வைத்துவிட்டேனோ என்று மாற்றிப் பார்த்தேன். எனக்கு அந்தக் காது கேட்பதில்லை, வருஷக்கணக்காகிறது. வலது காதில்தான் இருந்தது. அவள்தான் பேசவில்லை.

"வீடியோவில வாயேன் கண்ணு, மொகத்தப் பாக்கறேன்" என்றேன்.

"நெட்டு சரியில்லம்மா" என்றாள்.

ஜூலை 10, திங்கள்

கதையில் எழில் என்று ஒரு டாக்டர் வந்திருக்கிறான். நிலவிழியோடு படித்தவனாம், அவளைப் பார்த்தாலே கண் கலங்குகிறது. உடனே ஆதி அணி, எழில் அணி என்று எல்லோரும் இரண்டாகப் பிரிந்துவிட்டார்கள். என்னைக் கேட்டால் எழில் வெறும் தயிர்சாதம். நல்ல பிள்ளைதான், ஆனால் கதை நகராது. நிலாவுக்கும் ஆதீரனுக்கும் நடுவில் இருப்பதை இவர்களுக்குப் புரியவைக்க முடியவில்லை. அவன் திட்டும்போது அவள் சமையலறையில் போய் ஒரு பாத்திரத்தைத் திரும்பத் திரும்பக் கழுவுவாள். அது பயம் என்கிறார்கள். பயம் இல்லை, அந்த நேரம் அப்படித்தான் கழியும். நாம் ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டிருந்தால் அவர்கள் கோபம் தானாக இறங்கும். எனக்குத் தெரியும்.

தொட்டிச்செடியிடம், நீ எந்த அணி என்று கேட்டேன். 'எனக்கு ஆதியும் வேண்டாம், எழிலும் வேண்டாம். நிலா ஒரு ராத்திரி பயப்படாம தூங்கினாப் போதும்' என்று எழுதியிருந்தாள்.

படித்துவிட்டுப் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டேன். ஏனென்று தெரியவில்லை.

ஜூலை 14, வெள்ளி

என் வீட்டுக்காரர் காபி போட்டுக் கொடுத்தார். இப்போதெல்லாம் சாயங்காலக் காபி அவர்தான். கடையில் வேலையாட்களைக்கூட அதட்டுவதில்லை. இவருடைய இளவயதைப் பார்த்தவர்கள் இப்போது பார்த்தால் நம்ப மாட்டார்கள். பொறுத்தால் மாறுவார்கள் என்று நான் சும்மா வாய்க்கு வந்ததைச் சொல்லவில்லை.

ஆகஸ்ட் 3, வியாழன், ஆடிப்பெருக்கு

தாரணியும் மாப்பிள்ளையும் வந்தார்கள். அரை நாள்தான். வெல்லம் போட்டுக் கச்சாயம் சுட்டேன், கோழி அடித்தேன். இந்தப் புழுக்கத்தில் முழுக்கை சுடிதார் போட்டுக்கொண்டு வந்திருக்கிறாள். இப்போது அதுதான் ஃபேஷனாம். இளைத்திருக்கிறாள். சமையல்காரி இல்லாமல் தானே எல்லாம் செய்கிறாள் அல்லவா.

பகலில் மாப்பிள்ளை படுத்த பிறகு, எண்ணெய்க் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு போய் உட்காரச் சொன்னேன். சின்ன வயதிலிருந்து என் மடியில் தலையைக் கொடுத்துவிட்டுத் தூங்கிப்போகிறவள். இன்று தலையைத் தொட்டதும் விலுக்கென்று நகர்ந்துவிட்டாள்.

"வேண்டாம்மா. தலை வலிக்குது."

"தலை வலிக்குதுன்னுதானே எண்ணெய் வெக்கிறது?"

"வேண்டாம்னா வுடும்மா."

பிறகு எழுந்துபோய் அவளுடைய பழைய அறையைத் திறந்து பார்த்தாள். உள்ளே கடைச் சரக்கு. பெயிண்ட் டப்பாக்கள் விட்டம் வரை இருக்கின்றன. கட்டில் எங்கே என்றே தெரியாது.

"இங்க யாரும் படுக்க முடியாதாட்ட இருக்குதே" என்றாள்.

"யாரு படுக்கப் போறா? நீ வந்தா மாப்பிள்ளையோட மேல் ரூம்ல படுத்துக்கற" என்றேன்.

அவள் சிரித்தாள். நாலு மணிக்கெல்லாம் மாப்பிள்ளை கிளம்பலாம் என்றுவிட்டார். கச்சாயத்தை எவர்சில்வர் டப்பாவில் போட்டுக் கொடுத்தேன்.

இன்றைய எபியை இன்னும் படிக்கவில்லை. பாத்திரம் நிறைய கிடக்கிறது.

ஆகஸ்ட் 7, திங்கள்

இன்று எழுத எவ்வளவோ இருக்கிறது. நிலவிழி வீட்டை விட்டு வந்துவிட்டாள்! கையில் பைகூட இல்லாமல், கொட்டுகிற மழையில், அம்மா வீட்டு வாசலில் நின்று கதவைத் தட்டுகிறாள். உள்ளே விளக்கு எரிகிறது. அதோடு எபி முடிந்தது. கீழே ரைட்டர் மேடம், 'வாசகச் செல்லங்களே, நிலாவின் அம்மா என்ன செய்ய வேண்டும்? நீங்களே சொல்லுங்கள்' என்று கேட்டிருக்கிறார்.

அரை மணி நேரத்தில் இருநூறு பேர் பேசிவிட்டார்கள். நான் இன்னும் யோசித்துக்கொண்டிருந்தேன். அப்போது தொட்டிச்செடி என் பெயரைப் போட்டுக் கேட்டாள்.

'வசந்தா அக்கா, நீங்க நிலாவோட அம்மாவா இருந்தா என்ன செய்வீங்க? கதவத் தொறப்பீங்களா?'

இதற்கு எனக்கு யோசனையே தேவைப்படவில்லை. விரல் தானாக ஓடியது.

'திறக்காமல் இருப்பேனா? உள்ளே கூட்டிக்கொண்டு போய் சுடுசோறு போடுவேன். தலைக்கு எண்ணெய் வைத்துக் குளிப்பாட்டுவேன். ஒரு கேள்வி கேட்க மாட்டேன். என் பக்கத்தில் தூங்க வைப்பேன். மறுநாள் காலை முதல் பஸ்ஸில் நானே கொண்டுபோய் அவள் வீட்டில் விட்டுவிட்டு வருவேன். அதுதான் அம்மா. கதவைத் திறக்கவும் தெரிய வேண்டும், திருப்பி அனுப்பவும் தெரிய வேண்டும்.'

இது நான் சொந்தமாக யோசித்தது இல்லை. என் அம்மா எனக்குச் செய்ததுதான். அந்தியூரில் அம்மா வீட்டு வாசலில் நானும் ஒருநாள் தாரணியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றேன். சோறு, எண்ணெய்க் குளியல், மறுநாள் முதல் பஸ். அன்று அம்மா மேல் ஆத்திரமாகத்தான் இருந்தது. இன்று நான் நன்றாகத்தானே இருக்கிறேன்? வீடு இருக்கிறது, கடை இருக்கிறது, காபி போட்டுக் கொடுக்கிற மனுஷன் இருக்கிறார்.

ஆகஸ்ட் 8, செவ்வாய்

என் கமெண்ட்டை ரைட்டர் மேடம் எல்லாவற்றுக்கும் மேலே தூக்கி வைத்துவிட்டார். நானூறு இதயம். 'அழுதுட்டேன்மா', 'எங்க அம்மாவ நினைச்சுக்கிட்டேன்', 'நீங்களே ஒரு கதை எழுதுங்க' என்று வந்துகொண்டே இருக்கிறது.

தொட்டிச்செடி மட்டும் 'சரிங்க அக்கா' என்று ஒரே வரி போட்டிருந்தாள். ஒருவழியாக அவளும் ஒத்துக்கொண்டாள் என்று நினைத்தேன்.

ஆகஸ்ட் 10, வியாழன்

அப்படியே எழுதிவிட்டார்! சுடுசோறு, எண்ணெய்க் குளியல், முதல் பஸ். நான் சொன்ன ஒன்றைக்கூட மாற்றவில்லை. கடைசியில் 'இந்த எபி கோபி வசந்தாமணி அம்மாவுக்குச் சமர்ப்பணம்' என்று போட்டிருக்கிறார். நாத்தனாரிடம் சொன்னேன், பக்கத்து வீட்டு டீச்சரிடம் சொன்னேன். தாரணிக்கு மெசேஜ் போட்டேன். படித்துவிட்டாள் என்று நீலக்கோடு வந்தது, பதில் வரவில்லை. வேலையாக இருப்பாள்.

ஆகஸ்ட் 17, வியாழன்

இரண்டு எபி வந்துவிட்டது. தொட்டிச்செடியைக் காணோம். அவளோடு சண்டை போடாமல் கமெண்ட் எழுதவே சப்பென்று இருக்கிறது. அவள் எழுதுகிற மாதிரி எனக்குத் தெரிந்த யாரோ பேசுவார்கள் என்று அடிக்கடி தோன்றும். இந்தப் பக்கத்துப் பெண்கள் எல்லோரும் இப்படித்தான் பேசுகிறோம். அதனால்தான் இருக்கும்.

ஆகஸ்ட் 21, திங்கள்

காலையில் மாப்பிள்ளை போன் செய்தார்.

"அத்தை, தாரணி அங்க வந்துட்டாளாங்க?"

"இல்லீங்களே மாப்ள. ஏனுங்?"

"நேத்து சாயங்காலத்திலிருந்து காணோமுங்க. சின்னப் பேச்சுதானுங்க அத்தை. நான் ஏதோ கோவத்துல... நானே அப்புறம் உக்காந்து அழுதுட்டேனுங்க."

போனிலும் அழுதார். வைத்ததும் தாரணிக்குப் போட்டேன், அணைத்திருந்தது.

இன்று திங்கள். எபி வந்திருக்கும்.

ஆகஸ்ட் 22, செவ்வாய்

அவள் போன் அணைத்தே இருக்கிறது. இவர் கோயமுத்தூர் போயிருக்கிறார். ராத்திரி முழுக்க வாசல் விளக்கை அணைக்கவில்லை. இங்கேதான் வருவாள். வேறு எங்கே போவாள்?

ஆகஸ்ட் 23, புதன்

வரவில்லை.

ஆகஸ்ட் 24, வியாழன்

புது நம்பரிலிருந்து கூப்பிட்டாள். பத்திரமாக இருக்கிறாளாம். கூட வேலை பார்த்த பெண் ஒரு லேடீஸ் ஹாஸ்டலில் சேர்த்துவிட்டிருக்கிறாள். "அப்பாவக் கூட்டிட்டு வராத, நீ மட்டும் வா" என்றாள். காளியாத்தா, என் பிள்ளை உயிரோடு இருக்கிறாள்.

ஆகஸ்ட் 26, சனி

கோயமுத்தூர் போய்விட்டு இப்போதுதான் வந்தேன். சாப்பிடவில்லை. எழுதி முடித்துவிட்டுப் படுக்கிறேன்.

ஹாஸ்டலில் பார்வையாளர்களுக்கு என்று கேட் ஓரமாக ஒரு சின்ன அறை. இரண்டு பிளாஸ்டிக் நாற்காலி. அரைக்கை நைட்டியில் வந்தாள். கையைப் பார்த்தேன். முழங்கைக்கு மேலே மஞ்சளாகவும் நீலமாகவும் இருந்தது. இடது பக்கம் காதுக்கு மேலே கொஞ்சம் முடியை வெட்டித் தையல் போட்டிருந்தார்கள். ஆடிப்பெருக்கன்று நான் எண்ணெய்க் கையோடு தொட்ட இடம் அதேதான். அப்போது அங்கே வீங்கியிருந்திருக்கிறது. நான் தலைவலி என்று நம்பினேன்.

கட்டிப்பிடிக்கப் போனேன். நின்றாள், ஆனால் என் மேல் சாயவில்லை.

"நம்ம வூட்டுக்கு வராம இங்க எதுக்கு சாமி வந்த?" என்று கேட்டேன். "அம்மா ஒருத்தி குத்துக்கல்லாட்ட இருக்கறப்ப ஹாஸ்டல்ல வந்து படுப்பியா?"

"உன்றகிட்டக் கேட்டேனேம்மா."

"எப்பக் கேட்ட? ஒருநாளாச்சும் வாயத் தொறந்தியா?"

"கதவத் தொறப்பீங்களான்னு கேட்டேன். நீ பதில் சொன்ன. நானூறு பேரு நல்லாருக்குதுன்னாங்க."

எனக்குப் புரிந்துவிட்டது. புரியாத மாதிரி அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். தொட்டிச்செடி. இரண்டு மாதமாக என் பெண் என்னை அக்கா என்று கூப்பிட்டிருக்கிறாள்.

"அது கதைக்குச் சொன்னது கண்ணு" என்றேன். "கதைன்னா நாலும் சொல்லுவோம். அந்த நெலாவும் நீயும் ஒன்னா?"

"நானும் கதைக்குத்தாம்மா கேட்டேன். நெசமாக் கேக்கப் பயமா இருந்துச்சு."

அப்போது அவள் அழவில்லை. நான்தான் அழுதேன். வாட்ச்மேன் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

வா, இப்போதே போகலாம், பஸ் இருக்கிறது என்று கையைப் பிடித்தேன். விடுவித்துக்கொண்டாள், வெடுக்கென்று இல்லை, மெதுவாகத்தான்.

"வந்தா சோறு போடுவ, எண்ணெய் தேச்சுவுடுவ. அடுத்த நாள் அவரு வந்து அழுவாரு. அப்பா, மாப்பிள்ளதான் இத்தன தூரம் எறங்கி வர்றாரேம்பாரு. நீ எனக்குத் தலை சீவிவுட்டு அனுப்பி வெச்சுருவ. உனக்கு வேற தெரியாதும்மா."

"அப்படியெல்லாம் இல்ல சாமி..."

"அம்மாயி வூட்டுக்கு நாம போனமே, ஞாவகமிருக்குதா? நான் ஒன்னாவது படிச்சேன். எனக்கும் சேத்துத்தான் எண்ணெய் தேச்சாங்க. பஸ்ஸுல நீ சன்னலப் பாத்துக்கிட்டே வந்த. நான் உன்ற இந்தப் பக்கம் உக்காந்து கூப்புட்டுக்கிட்டே இருந்தேன். நீ திரும்பவே இல்ல. கோவமா இருக்கறேன்னு நெனச்சேன். அந்தக் காது கேக்காமப் போச்சுன்னு வூட்டுக்குப் போய்த்தான் தெரிஞ்சுது."

இருபத்திரண்டு வருஷமாக அந்தக் காதுக்கு நான் சளி என்று காரணம் சொல்லிவந்திருக்கிறேன். டாக்டரிடமும் அதையேதான் சொன்னேன். டைரியில்கூட ஜூன் மாதம் எழுதியபோது காரணத்தைத் தாண்டிப் போய்விட்டேன். இப்போது எழுதுகிறேன். தாரணியின் அப்பா அறைந்ததில்தான் எனக்குக் காது போனது. பிறகு அவரும் உட்கார்ந்து அழுதார்.

கிளம்பும்போது, கொண்டுபோன எண்ணெய் பாட்டிலை என்ன செய்வதென்று தெரியாமல் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். தாரணி வாங்கிக்கொண்டாள்.

"தையல் பிரிக்கட்டும்மா, நானே வெச்சுக்கறேன்" என்றாள்.

ஆகஸ்ட் 27, ஞாயிறு

இவர் காபி கொண்டுவந்தார். நான் குடிக்கவில்லை.

"என்ன சொன்னா?"

"என்ற காது எப்படிப் போச்சுன்னு அவளுக்குத் தெரியுமாமுங்க."

தன் டம்ளரை மேஜையில் வைத்தார். "அவளுக்கு எப்படி ஞாவகமிருக்கும், சின்னப்புள்ள" என்றார்.

"இருக்குதாமுங்க."

பிறகு எழுந்து தாரணியின் அறைக்குப் போனார். ஒவ்வொரு பெயிண்ட் டப்பாவாகத் தூக்கிக்கொண்டு வந்து வெளியில் வைத்தார். நான் கேட்கவும் இல்லை, கூடப்போய்த் தூக்கவும் இல்லை. மத்தியானம் கட்டில் வெளியே தெரிந்தது. அதில் உட்கார்ந்து தலையைப் பிடித்துக்கொண்டு அழுதார். அந்த அழுகையைப் பார்த்து எத்தனையோ தடவை எழுந்து போயிருக்கிறேன். இன்று என்னால் எழுந்து போக முடியவில்லை.

ஆகஸ்ட் 30, புதன்

மாப்பிள்ளை வந்தார். செருப்பை ஜோடியாகக் கழற்றி வைத்துவிட்டு உள்ளே வரப் பார்த்தார். வாசலிலேயே நின்று, "போயிட்டு வாங்க" என்றேன். வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு மாப்பிள்ளையைத் தண்ணீர்கூடக் கொடுக்காமல் அனுப்பினேன். இவர் என்னைத் தடுக்கவில்லை.

தாரணிக்குப் போன் செய்து சொன்னேன். "சரிம்மா" என்றாள். அந்தச் சரியும் கமெண்ட்டில் சொன்ன சரியும் ஒரே மாதிரி இருந்தது. அறையைக் காலி செய்துவிட்டோம், வெள்ளையடித்தாகிவிட்டது, வா சாமி என்றேன். "இப்ப வேண்டாம்மா. அப்புறம் பாக்கலாம்" என்றாள்.

செப்டம்பர் 4, திங்கள்

'அனல்மேல் ஓர் ஊஞ்சல்' முடிந்துவிட்டது. ஆதீரன் மாறிவிட்டான். நிலவிழிக்கு இரட்டைக் குழந்தை. வளைகாப்பில் ஆதீரன் அவள் காலைப் பிடித்துவிடுகிறான். அறுநூறு பேர் வாழ்த்துச் சொல்லியிருக்கிறார்கள். பாதிப்பேர் எனக்கும் சேர்த்துச் சொல்லியிருக்கிறார்கள். அன்றைக்கு நிலாவின் அம்மா திருப்பி அனுப்பாவிட்டால் இந்தச் சந்தோஷம் ஏது என்று.

எனக்கு நிலவிழியைப் பார்க்கவே முடியவில்லை. குழந்தைகளை மடியில் வைத்துக்கொண்டு சிரிக்கிறாள். அந்த பஸ்ஸில் திரும்பிப் போனாளே, அப்போது அவள் என்ன நினைத்தாள் என்று ரைட்டர் மேடம் ஒரு வரிகூட எழுதவில்லை. நானும் கேட்கவில்லை. கதையைப் பிரித்துப் பிரித்துப் பேசியவள், பஸ்ஸில் உட்கார்ந்திருந்தவளை மட்டும் விட்டுவிட்டேன். அவளை எனக்குத் தெரியும். நான் விட்டிருக்கக்கூடாது.

என் கமெண்ட் இன்னும் மேலேயே நிற்கிறது. அழிக்கலாம் என்று பார்த்தேன். எப்படி அழிப்பது என்று தெரியவில்லை. அதையெல்லாம் எனக்குச் சொல்லித் தருகிறவள் தாரணிதான்.

அதனால் கீழே போய், தொட்டிச்செடியின் 'சரிங்க அக்கா'வைத் தேடிப் பிடித்து அதற்குப் பதில் எழுதினேன்.

'நான் சொன்னது தப்பு. கதவு திறந்தே இருக்கிறது. நீ எப்போது வந்தாலும் திருப்பி அனுப்ப மாட்டேன். அவர் அழுதாலும் அனுப்ப மாட்டேன். உங்கள் அப்பா சொன்னாலும் அனுப்ப மாட்டேன். வந்து நல்லாத் தூங்கு கண்ணு.'

செப்டம்பர் 5, செவ்வாய்

காலையில் எழுந்ததும் போனைத்தான் எடுத்தேன். யாரோ ஒரு பெண் பதில் போட்டிருக்கிறாள். சிரிக்கிற பொம்மை வேறு.

'வசந்தாம்மா, யாருக்குச் சொல்றீங்க? நிலா ஆதியோட சேர்ந்து புள்ளையும் பெத்துட்டா. கதை முடிஞ்சிருச்சும்மா!'

நான் எழுதியதற்கு நான்கு பேர் இதயம் போட்டிருந்தார்கள். ஒவ்வொரு பெயராகத் தொட்டுப் பார்த்தேன். தொட்டிச்செடி இல்லை.